கன்னம் என்று சொல்லப்படும் இடம்

ஓங்கி விடும் அறை கன்னத்தில் விழுகிறது என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் தவறான நம்பிக்கை. இதைத் திருத்தாமல் விடுவது வருங்காலத் தலைமுறைக்குச் செய்யும் துரோகம். கதை எழுதுகிறவர்கள் கன்னத்தில் அறைந்தான், கன்னம் சிவந்தது, கன்னத்தைத் தடவிக்கொண்டான் என்று எழுதிக்கொண்டே போகிறார்கள்; ஒருவராவது பக்கத்தில் நின்று கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்திருக்கிறேன். கை கிளம்பும்போது கன்னத்தைக் குறிவைத்துத்தான் கிளம்புகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அடிபடப்போகிறவன் மரப்பாச்சி அல்ல. கை பாதி தூரம் வருவதற்குள் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்கிறது, மோவாய் மறுபக்கத் தோளில் போய்ப் புதைகிறது, கன்னம் இருந்த இடத்துக்குக் காது வந்து சேர்கிறது. ஓசையும் வேறு. கன்னத்தில் விழுந்தால் பளார். விரித்த உள்ளங்கை காதை மூடிபோலப் பொத்தி விழுந்தால், காகிதப் பையை ஊதி உடைத்தது மாதிரி டப்பென்று ஒரு குட்டைச் சத்தம், அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. போன ஞாயிறு நான் கேட்டது இந்த இரண்டாவது வகை. கேட்டுவிட்டு அடுத்த ஜோடி என்றேன். இது இந்த ஞாயிறு, வகுப்பில் என் வாய் வாசித்துக்கொண்டிருக்கிறது. அது தன்பாட்டுக்கு வாசிக்கும், இருபது வருடப் பழக்கம், நான் அதற்குக் காவல் நிற்க வேண்டியதில்லை. பென்குயின் ஒரு பறவை, ஆனால் அது பறப்பதில்லை, என்று ஆங்கிலத்தில் வாசிக்கிறேன், பன்னிரண்டாம் வகுப்பு 'சி' பிரிவு குனிந்த தலையோடு கேட்கிறது. அதுதான் இன்றைய தேர்வு. கேட்டல் திறன். பத்தியை இருமுறை வாசிப்பேன், பிறகு கேள்வியும் நான்கு விடைகளும் வாசிப்பேன், சரியான எழுத்தை எழுதினால் போதும். காது மட்டும் இருந்தால் போதும். மூன்றாவது பெஞ்சில், நடைவழியை ஒட்டிய இடது ஓரத்தில், சபரீசன் உட்கார்ந்திருக்கிறான். தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி வலது காதை என் பக்கம் நீட்டிக்கொண்டு. ஒருவேளை கழுத்து சுளுக்காக இருக்கலாம். விடுதித் தலையணைகள் அப்படி.

நான் யாரையும் அடித்ததில்லை. இதைக் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வேன். மாணவர்மேல் ஆசிரியரின் கை படக்கூடாது என்று சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து என் கையில் சாக்பீஸ் தவிர ஒன்றும் இருந்ததில்லை. அதற்கு முன்னாலும் பிரம்பு பிடிக்கத் தெரியாது, பிடித்தால் எனக்கே நகத்தில் படும். நான் செய்தது ஒரு முறையை உண்டாக்கியது, அவ்வளவுதான். அந்த வருடம் சேர்மன் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கேட்டார், அவருக்குக் கோழிப்பண்ணையும் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர்தான்: "கணக்குல நிக்கிறோம், கெமிஸ்ட்ரில நிக்கிறோம், இங்கிலீஷ்ல மட்டும் ஏனுங்க சார் நொண்டியடிக்குது? கோழிக்குத் தீவனம் போட்டா முட்டை வருதுங்க. உங்க பாடத்துக்குப் போடற தீவனம் எங்க போகுதுன்னே தெரியலையே." எல்லோரும் சிரித்தார்கள், கெமிஸ்ட்ரிக்காரர் கூடுதலாகச் சிரித்தார். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. படித்தவன் நான், அந்த அறையிலேயே அதிகம் படித்தவன், பொழுதுபோகாமல் அகராதியைப் பக்கம் பக்கமாக வாசித்தவன், என்னைத் தீவனத்தோடு நிறுத்துகிறான் இந்த மனுஷன். அன்று இரவு, இல்லை, எப்போது தோன்றியது என்பது முக்கியமில்லை, முறை தோன்றியது. ஒரே பெஞ்சில் இருவர், ஒரு ஜோடி. ஞாயிறு காலைத் தேர்வில் யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவன் குறைந்தவனை ஓர் அறை அறையலாம். அறையலாம் அல்ல, அறைய வேண்டும். நண்பன் என்று தடவிக்கொடுத்தால் வகுப்பே 'செல்லாது' என்று கத்தும், மறுபடி அறைய வேண்டும், செல்லுபடியாகிற வரை. இருவருக்கும் சமம் என்றால் யாருக்கும் இல்லை. பாருங்கள், எவ்வளவு நியாயமான முறை. ஆசிரியர் நடுவர் மட்டும். சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பார்த்தேன், மாணவனின் கை மாணவன்மேல் படக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அரைப்பரீட்சையில் ஆங்கிலம் எழுந்து நின்றது. சேர்மன் எனக்கு ஒரு அட்டை முட்டை அனுப்பிவைத்தார். மற்ற ஆசிரியர்கள் வந்து கேட்டுப்போனார்கள், இயற்பியல்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார், என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆண் பென்குயின் முட்டையைத் தன் பாதங்களின்மேல் வைத்துக்கொண்டு உறைபனியில் நிற்கிறது. முழுக் குளிர்காலமும். சாப்பிடாமல். வாய் நிறுத்தி, மூச்சு எடுத்து, அடுத்த வரிக்குப் போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் முனகுகின்றன. இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் அது கேட்கும், பிறகு கேட்காது. கேட்காமல் போவது காதின் குற்றமல்ல, காது பழகிவிட்டது. அதைத்தான் சொல்கிறேன், கேட்காததெல்லாம் செவிடு அல்ல.

இன்று காலையில் சபரீசனின் அப்பா போன் செய்தார். பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க திருஞானம் சாருங்களா? தங்கமுத்து பேசறனுங்க, சபரி அப்பா, லாரி ஓட்டறவன். பையன் புதங்கிழமை போன்ல பேசறப்ப போனை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாத்திக்கிட்டே இருந்தானுங்க. என்னடான்னா ஒரு பக்கம் அடைச்சாப்புல இருக்குதுங்கறான். நெசந்தானுங்களா, இல்ல படிக்கறதுக்குச் சோம்பலா? இன்னைக்கு எப்படியும் வர்றேன், ஒரு வார்த்தை உங்களைப் பாத்துக் கேட்டுட்டுப் போலாம்னுதான்." நுரையை விழுங்கிவிட்டேன். வாங்க என்றேன், பாக்கலாம் என்றேன், அழுக்கு ஏதாவது அடைச்சிருக்கும் என்றேன். அழுக்கு. அந்தச் சொல் எவ்வளவு தயாராக இருந்தது வாயில். இப்போது அவர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார், ஜன்னல் வழியாகச் சட்டையின் நீலம் தெரிகிறது. முட்டை லாரி ஓட்டுகிறவர். கொச்சித் துறைமுகத்துக்கு ஏற்றிப்போவார், அங்கே ஒருநாள் கப்பலிலிருந்து வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பையன் இறங்கி வந்து அவரிடம் மணி கேட்டானாம், அந்தப் பையன் யாரோ, அவன் கேட்ட மணியால்தான் சபரீசன் இங்கே இருக்கிறான். "அந்த டிரஸ்ஸு, சார். அதப் போட்டுப் பாத்துரணும் என் பையன். மெர்ச்சன்ட் நேவிக்கு இங்கிலீஷ்ல பாதிக்கு மேல வேணுமாமுங்க, அதுக்குத்தான் உங்ககிட்ட." சேர்க்கையன்று சொன்னார். அப்புறம் எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொன்னார், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுருங்க சார், மத்ததெல்லாம் உங்க பாடு. கண்களைத்தான் விலக்கினார். காதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கப்பல்காரர்கள் குறித்துக்கொள்வார்கள். அங்கே உடற்பரிசோதனை உண்டு, ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கு என்பார்கள். வலது காதுக்குக் கை தூக்குவான். இடது காதுக்குத் தூக்க மாட்டான். தூக்காமல் உட்கார்ந்திருப்பான், வெள்ளைச் சட்டை போய்விடும். அப்போது தங்கமுத்து திரும்பி வருவார். அவர் கையைப் பார்த்திருக்கிறேன், தார்ப்பாய்க் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை செருப்புத்தோல் மாதிரி. தனியாக வர மாட்டார், லாரி ஸ்டாண்டே வரும், ஜாக்கி லீவர் கம்பியோடு. கேட்டை உடைப்பார்கள். ஸ்டாஃப் ரூமிலிருந்து என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவருவார்கள், கெமிஸ்ட்ரிக்காரர் இதோ இவர்தான் என்று காட்டிக்கொடுப்பார், கூடுதலாகச் சிரிப்பார். முதல் அடி முழங்காலில். கம்பி எலும்பில் படும் ஓசை எப்படி இருக்கும், இளநீர் வெட்டுகிற மாதிரியா? நான் மண்ணில் விழுவேன், மூக்கில் செருப்பு, வாயில் பல்லும் மண்ணும் கலந்து உப்பு. யாரோ செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அண்ணா இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்பான். பிறகு தங்கமுத்து எல்லோரையும் விலக்கிவிட்டு வந்து நிற்பார், கம்பியைக் கீழே போடுவார், கையை விரிப்பார். என் கழுத்து தானாகத் திரும்பும். குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்ததும் தகப்பன் அதற்குக் குரல் கொடுக்கிறது. பிற்பாடு ஆயிரம் பறவைகளுக்கு நடுவிலும் குஞ்சு அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்கிறது. முதல் வாசிப்பு முடிந்தது. யாராவது தண்ணீர் குடிக்க வேண்டுமா என்று கேட்கிறேன். யாருக்கும் வேண்டாம். நான்தான் ஒரு மடக்குக் குடிக்கிறேன்.

காது திரும்பி வரும். இது எனக்குச் சொந்த அனுபவம். ஒன்பதாவது படிக்கும்போது தீபாவளியன்று என் அக்கா அணுகுண்டைத் திரிகொளுத்தி நெய் டின்னுக்கு அடியில் வைத்தாள், நான் டின்னை எடுக்கக் குனிந்தேன். வெடித்தது தெரியவில்லை. வெடிக்கவில்லை என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் அக்காவின் வாய் மீன்வாய் போலத் திறந்து மூடுகிறது, தெருவெல்லாம் வெடி, ஒன்றிலும் சத்தமில்லை, என் தலைக்குள் மட்டும் ஒரு ஙொய்ங், மின்கம்பத்தில் காது வைத்தால் வருமே அது. அம்மா சூடான எண்ணெய் விட்டாள், அடிக்கவும் அடித்தாள், அடித்தது எங்கே என்று நினைவில்லை. மறுநாள் வந்துவிட்டது. மறுநாள் காலையில் பால்காரர் சைக்கிள் மணி கேட்டது, எழுந்து உட்கார்ந்து அழுதேன். ஆக வந்துவிடும். மறுநாள் வந்துவிடும். போன ஞாயிறுக்கு மறுநாள் திங்கள். திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, புதன்கிழமை அவன் போனை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாற்றினான். சரி, அணுகுண்டு வேறு, உள்ளங்கை வேறு. உள்ளங்கை சின்னது. யுகேந்திரனின் கை பெரிதாக இருக்கும், ஆள் கூடைப்பந்து ஆடுகிறவன், சபரீசனின் பெஞ்ச் ஜோடி, வகுப்பில் முதலாவது. கெட்ட பையன் அல்ல. விடுதி மெஸ்ஸில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். ஞாயிறுதோறும் அவன் சபரீசனை அறைந்திருக்கிறான், ஞாயிறுதோறும் முதலில் மெதுவாகத்தான் அறைவான், வகுப்பு செல்லாது என்று கத்தும், இரண்டாவதும் மெதுவாக, செல்லாது, பிறகுதான். போன வாரம் நான்கு முறை செல்லாமல் போயிற்று, எனக்குப் பசி நேரம், நான் சொன்னேன், என்ன சொன்னேன், யுகேந்திரா, உன் கை என்ன அப்பளமா என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் காகிதப் பை. இரண்டாவது வாசிப்பைத் தொடங்குகிறேன், இந்த முறை நடந்துகொண்டே. நடைவழியில் சபரீசனின் இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்துகிறேன், ஆண் பென்குயின் முட்டையைத் தன் பாதங்களின்மேல், இன்னும் தாழ்த்துகிறேன், கடைசி பெஞ்சிலிருந்து "சார், கேக்கல சார்" என்று கத்துகிறார்கள். சபரீசன் கத்தவில்லை. அவன் எதிரே, நான் சற்றுமுன் நின்ற மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அங்கே யாரும் இல்லை. பிறகு மெல்ல, மற்றவர்களின் முகம் போகும் திசையைப் பார்த்து, என்னைக் கண்டுபிடிக்கிறான். சிரிக்கிறான். இந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், ஒன்றும் புரியாதவர்கள் எல்லாம் புரிந்ததாகக் காட்டச் சிரிப்பது. 

கேள்விகளுக்கு வந்துவிட்டேன். பென்குயின் எங்கே முட்டையை வைத்துக்கொள்கிறது: ஏ, கூட்டில், பி, பாதங்களின்மேல், சி, பனிக்குள், டி, பாறை இடுக்கில். எல்லாப் பேனாவும் ஓடுகிறது. சபரீசனின் பேனாவும் ஓடுகிறது. ஓடுகிறதே! எட்டிப் பார்க்கிறேன், பி. சரி. அப்பாடா.  அடுத்த கேள்வி, குஞ்சு எதைக் கொண்டு தகப்பனை அறிகிறது, விடை டி, அவன் டி. மூன்றாவதும் சரி. நான்காவது கேள்வியில் கொக்கி உண்டு, அரசாங்கத்தில் வினாத்தாள் எழுதியவன் வேண்டுமென்றே வைத்த கொக்கி, நல்ல காதுக்காரர்களே தவறவிடுவார்கள், சபரீசன் தவறவிடவில்லை. அழுக்குதான். அழுக்கு வெளியே வந்திருக்கும். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டாமா, படித்தவன் ஒன்றுக்கு இரண்டு சான்று கேட்பான். மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு போகிறேன், கட்டைப் பக்கம் கனமாக இருக்கும் பழைய டஸ்டர், சபரீசனின் இடது கைப்பக்கம் நடைவழியில் நின்று ஏதோ கைதவறியது மாதிரி சிமெண்டுத் தரையில் விட்டேன். படார். வகுப்பே துள்ளியது. எல்லாத் தலையும் டஸ்டர் விழுந்த பக்கம் திரும்பியது. சபரீசனும் துள்ளினான், திரும்பினான், வலப்பக்கமாக. டஸ்டர் அவன் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது, அவன் வலப்பக்கம் திரும்பி யுகேந்திரனைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறான். சுவரில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு. என்னவோ விழுந்ததே, எங்கே என்று சுவரிடம் கேட்கிற மாதிரி பார்க்கிறான். நான் டஸ்டரை எடுக்கக் குனிந்தேன். நெய் டின்னை எடுக்கக் குனிந்த மாதிரி. குனிந்தபோது பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஷூ இல்லை, வெறுங்கால்கள். யுகேந்திரனின் இடது பாதம் சபரீசனின் வலது பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரல் எழுந்து எழுந்து அமுக்குகிறது. ஓர் அமுக்கு ஏ. இரண்டு பி. நான் நிமிரவில்லை. குனிந்தபடியே ஐந்தாவது கேள்வியை நினைவிலிருந்து சொன்னேன், இரத்த ஓட்டம் தலைக்கு இறங்கக் கண் இருட்டுகிறது, மூன்று அமுக்கு, மேலே பேனா சி என்று எழுதியிருக்கும். முட்டையைப் பாதங்களின்மேல் வைத்துக்கொண்டு. முழுக் குளிர்காலமும். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கோழிகளை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன், சேர்மன் கூட்டிப்போனார், ஒரு கூண்டுக்குள் இத்தனை என்று அடைத்தால் ஒன்றையொன்று கொத்திக் குடலை உருவிவிடும் என்பதால் குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியைச் சூடான தகட்டில் வைத்துக் கருக்குகிறார்கள், ஒரு பெண் உட்கார்ந்து சளைக்காமல் செய்கிறாள், புகை, ஒரு சின்னக் கிய், அடுத்தது. வலிக்காதா என்று கேட்டேன். "கொத்திக்கிட்டுச் சாகறதுக்கு இது தேவலையுங்க சார்" என்றார் சேர்மன். என்னென்னவோ படித்தவன் நான், தலையாட்டிவிட்டு அவர் பின்னால் நடந்தேன். நிமிர்கிறேன். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? யுகேந்திரா எழுந்திரு, காலை எடு என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஒற்றைக் காதில் பாதியும் பிடிபடாத சபரீசனின் தாள் வெற்றுத்தாள். வெற்றுத்தாள் என்றால் காது இல்லை. காது இல்லை என்றால் வேப்பமரம், நீலச் சட்டை, கம்பி. சொல்லாவிட்டால் முழு மதிப்பெண், கேட்டல் திறனில் முழு மதிப்பெண், இதைவிட ஒரு டாக்டர் என்ன பெரிய சான்றிதழ் தந்துவிடுவார்? ஆறாவது கேள்வி என்றேன்.  

தாளை மாற்றிக்கொண்டு திருத்தினார்கள். சபரீசன் முழு மதிப்பெண். யுகேந்திரன், வகுப்பில் முதலாவது, பாதிதான். அவன் தாளை வாங்கிப் பார்த்தேன், கொக்கிக் கேள்வியைச் சரியாக எழுதி, அடித்து, தப்பாக மாற்றியிருந்தான். தப்பாயிருந்த எல்லாவற்றையும் அப்படித்தான், சுத்தமாக அடித்து, பக்கத்தில் தப்பை அழகாக எழுதி. கடைசி பெஞ்ச் மேஜையைத் தட்டத் தொடங்கிவிட்டது. "மாப்ள சபரி, வருஷ பாக்கிடா, மொத்தமா தீத்துரு!" "டேய், கைய சொடக்கு எடுத்துக்கோ!" இருவரும் முன்னால் வந்து எதிரெதிரே நின்றார்கள். சபரீசன் என்னைப் பார்த்து, "வேண்டாம் சார்" என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். இன்றோடு இந்த முறை முடிந்தது என்று ஒரு வாக்கியம், எழுவாய் பயனிலையோடு, என்னால் சொல்லியிருக்க முடியும். ஆனால் இன்றைக்கு நிறுத்தினால் ஏன் இன்றைக்கு என்று கேட்பார்கள். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். சபரீசன் கையை நீட்டி யுகேந்திரனின் தாடையைத் தொட்டான், மாவு ஒட்டியிருந்தால் துடைப்பார்களே, அப்படி. "செல்லாது!" வகுப்பு. இரண்டாவது முறையும் அதேதான். "செல்லாது! செல்லாது!" யுகேந்திரன் குனிந்து அவன் இடது காதருகே ஏதோ சொன்னான். "என்னது?" என்றான் சபரீசன். எல்லோரும் சிரித்தார்கள். யுகேந்திரன் சிரிக்கவில்லை, அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். சுற்றிவந்து வலது காதில் சொன்னான். சபரீசன் பின்னால் நகர்ந்தான். "போடா லூசு." "அடிடா." "முடியாதுடா." "அடிடா நாயே, ஒவ்வொரு வாரமும் வாங்குனல்ல, திருப்பிக் குடுக்கத் துப்பில்லையா? உங்கப்பன் உன்னைக் கப்பலுக்கா அனுப்புவான், கப்பல் கழுவத்தான் அனுப்புவான்." வகுப்பு ஓ என்றது. சபரீசனின் கழுத்தில் நரம்பு எழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்து நின்றது, கை தானாக மேலே போயிற்று, அந்தக் கை மேலே போகும்போது அதில் ஒரு வருடத்து ஞாயிறுகள் எல்லாம் தொங்கின. அடிபடுகிறவனின் கழுத்து தானாகத் திரும்பும் என்று சொன்னேன். யுகேந்திரனின் கழுத்து தானாகத் திரும்பவில்லை. கை கிளம்பும் முன்பே அவனாகத் தலையை வலப்பக்கம் திருப்பி, இடது காதை எடுத்துக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றான். அறை விழுந்தது. நல்ல அறை. அவன் மேஜைமேல் சாய்ந்து, விழாமல், விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், சிரிக்கவும் முயன்றான். என்ன ஓசை என்று சொல்ல மாட்டேன்.  யாரோ ஒருவன், யார் என்று தெரியவில்லை, பழக்கத்தில், மெதுவாக, "செல்லும்" என்றான்.

தங்கமுத்து மரத்தடியிலிருந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார். கை நான் நினைத்ததைவிடச் சின்னது. பக்கத்தில் சபரீசன் சாப்பாட்டு கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றான், அப்பாவுக்கு வலது பக்கம் நின்றவன் சுற்றிவந்து இடது பக்கம் நின்றுகொண்டான். "ஏனுங்க சார், அந்தக் காது விஷயம்..." என்று இழுத்தார். நான் தாளை நீட்டினேன். "இன்னைக்கு வெச்சது என்ன தேர்வுன்னு கேளுங்க. கேட்டல். நான் வாசிப்பேன், அவன் காதால கேட்டு எழுதணும். வகுப்புலயே முதலாவது. காது கேக்காதவன் எழுதற தாளா இது, நீங்களே சொல்லுங்க." அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சிவப்பு மையில் இருந்த வட்டத்தை விரலால் தடவினார். முகம் மலர்ந்து அகலமாகிவிட்டது. "அதானே பாத்தேன்! சோம்பேறி நாயி, போன்ல என்ன கதையளக்கறான் பாருங்க" என்று அவன் பிடரியில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். அவன் நாங்கள் இருவரும் பேசுகிற வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்துரலாமுங்களா சார்?" "இன்னும் கொஞ்சம் உழைக்கணும்" என்றேன். கொச்சியிலிருந்து வாங்கிவந்த நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். நல்ல சிப்ஸ், தேங்காய் எண்ணெயில் போட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒன்றைக் கடித்தபோது நொறுங்கிய சத்தம் மண்டைக்குள் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மீதியைக் கெமிஸ்ட்ரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாத ஆங்கிலச் சராசரி எப்படி வரும் என்று மனசு கணக்குப் போடத் தொடங்கியது. யுகேந்திரனின் பாதி மதிப்பெண்தான் இடிக்கிறது. அதைச் சரிசெய்துவிடலாம்.

மாலையில் ஸ்டடி ஹாலில் வருகை எடுத்தேன். நான் ஒரு பெயரை ஒருமுறைதான் கூப்பிடுவேன், பதில் வராவிட்டால் ஆப்சென்ட், இது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். யுகேந்திரன் என்றால் நான் பெயரை முடிப்பதற்குள் "பிரசென்ட் சார்" வந்துவிடும், அவ்வளவு வேகம். இன்று அவன் பெயரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.